தோளுக்கு எது, மேஜைக்கு எது?

கேள்வி: மேக்புக் ஏர் வாங்கப் போகிறேன். 13 அங்குலமா, 15 அங்குலமா? கடையில் அரை மணி நேரம் நின்றும் முடிவுக்கு வர முடியவில்லை.

பதில்: கடையில் பெரியதுதான் ஜெயிக்கும். அங்கே அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓட வேண்டியதில்லையே! சின்னது 1.24 கிலோ, பெரியது 1.51. கூடுதல் கால் கிலோ சொச்சம்தான். கையில் பிடித்தால் ஒன்றுமில்லை. தினம் இரண்டு வேளை தோளில் தொங்கினால் தெரியும்.

பெரிய திரையில் எழுத்தும் பெரிதாகத் தெரியும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. இரண்டிலும் அங்குலத்துக்கு 224 புள்ளிகள்தான். கூடுவது எழுத்து அல்ல, இடம். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. கணக்கு ஒரு பக்கம், கடிதம் ஒரு பக்கம் என்று விரித்து வைத்து வேலை பார்ப்பவருக்கு அது பெரிய வரம். கண்ணுக்காக மட்டும் என்றால், எழுத்தளவைக் கூட்டிக்கொண்டால் போதும். பேட்டரிக் கவலை வேண்டாம். இரண்டுக்கும் ஆப்பிள் சொல்வது 18 மணி நேரம்தான்.

வீட்டில் மானிட்டர் இருக்கிறதா? கண்ணை மூடிக்கொண்டு 13 வாங்குங்கள். மிச்சப் பணத்தை மெமரியில் போடுங்கள்; அதைப் பின்னால் கூட்டவே முடியாது.