திறந்தே நிற்கும் கதவுகள்: ஓரறிவு முதல் ஆறறிவு வரை

கடை, வங்கி, மருத்துவமனை ஆகியவற்றின் வாசல்களை ஆராயப் புகுவோர் முதலில் ஒரு முரணோடு மோத வேண்டியிருக்கிறது. கதவு தானாக மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து ஓர் இயந்திரம் வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டியவர் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள், அந்தக் கதவு மூடிவிடக் கூடாது என்பதற்காக யாரோ ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். இயந்திரத்துக்குப் பில் உண்டு, வாரன்டி உண்டு, விளக்கக் கையேடு உண்டு. செங்கல்லுக்கு எதுவும் இல்லை. கல்விப்புலம் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டதற்கு இதைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. அந்தக் குறையை ஓரளவு போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வின் எல்லையைச் சொல்லிவிடுவோம். வீட்டுக் கதவு நமக்கு வேண்டாம். அது திறந்திருப்பதில் காற்று, கொசு, எதிர்வீட்டார் எனப் பல தரப்புகள் சம்பந்தப்பட்டிருப்பதால் அது தனித்துறை. கடையின் ஷட்டரும் வேண்டாம். காலையில் மேலே போனால் இரவுவரை மேலேயே கிடக்கும் ஒன்றில் ஆராய என்ன இருக்கிறது? தானே மூடிக்கொள்ளத் துடிக்கும் கதவும், அதை மூடவிடாமல் நிறுத்தும் பொருளும் மட்டுமே இங்கே விஷயம்.

வகைப்பாட்டுக்கு மேல்நாட்டார் யாரையும் தேடிப் போகவில்லை. தொல்காப்பியத்தின் மரபியல் போதுமானதாக இருக்கிறது. உயிர்களை அவற்றுக்கு எத்தனை அறிவு என்று எண்ணிப் பிரிக்கிறது அது. தொட்டால் மட்டும் உணரும் புல்லும் மரமும் ஓரறிவு. அதற்கு மேல் நாக்கு, மூக்கு, கண், செவி என்று ஒவ்வொன்றாகக் கூடி, மனம் சேரும்போது ஆறறிவு. தொல்காப்பியர் இதைக் கதவுகளை உத்தேசித்து எழுதினாரா என்ற சர்ச்சைக்குள் நாம் போக வேண்டியதில்லை. பொருந்துகிறது, எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் எதிர்த்தரப்பின் நியாயம். கதவின் உச்சியில் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உலோகப் பெட்டிதான் டோர் குளோசர். அதற்குள் முரட்டு ஸ்பிரிங் ஒன்று, பிஸ்டன் ஒன்று, கொஞ்சம் எண்ணெய். நாம் கதவைத் தள்ளும்போது கை திரும்புகிறது, பல்சக்கரம் பிஸ்டனை நகர்த்துகிறது, ஸ்பிரிங் இறுகுகிறது. எண்ணெய் ஒருவழி வால்வு வழியாகத் தாராளமாக மறுபக்கம் போய்விடுகிறது. ஆக, கதவை மூடுவதற்கான கூலியை உள்ளே வருகிறவரிடமே முன்பணமாக வாங்கிக்கொள்கிறது இந்தக் கருவி. ஸ்பிரிங் விரியும்போதோ எண்ணெய் திரும்பிவர ஊசித்துளை அளவுக்குத்தான் வழி. அதனால் கதவு ஆற அமர வருகிறது. பக்கத்தில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, மற்றொன்று கடைசி ஒரு சாணில் அது எப்படிப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு. இரண்டாவது திருகை யாரும் தொட்டதே இல்லை என்பதைப் பல அலுவலகங்களில் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். எண்ணெய் கசிந்து கதவில் கறுப்புக் கோடு இறங்கிவிட்டால் நிதானமும் போச்சு, அதன்பிறகு ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒரு ‘டமார்’.

ஐரோப்பியத் தரநிலையான இ.என். 1154, குளோசர்களை அவற்றின் பலத்தைப் பொறுத்து 1 முதல் 7 வரை தரம் பிரிக்கிறது. மூன்றாம் எண், 950 மி.மீ. அகலமும் 60 கிலோ எடையும் உள்ள கதவு வரைக்கும். சோதனையில் 5,00,000 முறை திறந்து மூடித் தாக்குப்பிடிக்க வேண்டும். செங்கல் வைக்கப்பட்ட வாசலில் வேலைபார்க்கும் குளோசர் இந்த ஐந்து லட்சத்தில் பெரும்பகுதியைச் செலவழிக்காமலேயே ஓய்வுபெறும். அரசுப் பணியில்கூட இவ்வளவு சலுகை கிடையாது.

இனி ஓரறிவு. செங்கல், கருங்கல் சல்லி, பூந்தொட்டி, இருபது லிட்டர் தண்ணீர் கேன், பிரிக்கப்படாத ஏ4 தாள் பண்டல், பழைய பேட்டரி. இவற்றுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கதவு வந்து முட்டுகிறது. கதவின் இழுவை எவ்வளவு என்றுகூட அவற்றுக்குக் கவலையில்லை. மூடும் தறுவாயில்தான் குளோசர் முழு பலத்தைக் காட்டுகிறது, தாழ்ப்பாளைக் கடந்தாக வேண்டுமே. அகலத் திறந்திருக்கும் நிலையில் அதன் பிடிவாதம் குறைவு. ஆகவே நன்றாகத் திறந்துவைத்த கதவுக்கு ஒரு செங்கல் தாராளம். கதவைப் பாதி திறந்துவைத்துவிட்டுச் செங்கல் நகர்ந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் பழியைத் தப்பான இடத்தில் போடுகிறார்கள். தண்ணீர் கேனிலும் நுட்பம் உண்டு. நிறைந்த கேன் நல்ல காவலன். மதியத்துக்கு மேல் அலுவலகத்துத் தாகம் தணியத் தணியக் கதவு மெல்ல மூட ஆரம்பிக்கும்.

இந்த வகுப்பில் தனிக் கவனம் பெற வேண்டியது சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர். ‘தீத்தடுப்புக் கதவு, எப்போதும் மூடியே வைக்கவும்’ என்ற பலகை தொங்கும் கதவை அதுவே முதுகு கொடுத்துத் திறந்து வைத்திருக்கும் காட்சி உலகப் பொதுவானது. கனம், உருளை வடிவம், கைக்கு எட்டும் இடம், யாரும் வேறு எதற்கும் எடுப்பதில்லை என்ற உறுதி, எல்லாத் தகுதியும் அதற்கு இருக்கிறது.

கல் தன் எடையை நம்புகிறது, ஆப்பு கதவின் பலத்தை நம்புகிறது. வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் இயந்திரவியலின் பெரும்பகுதி அதில் அடங்கிவிடுகிறது. ரப்பர் ஆப்பின் சரிவில் கதவின் அடி ஏறும்போது அந்தத் தள்ளல் பெரும்பாலும் கீழ்நோக்கித் திரும்புகிறது. ஆறுக்கு ஒன்று என்ற சரிவில், உராய்வைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒரு கிலோ தள்ளல் ஆறு கிலோ அழுத்தமாகத் தரையில் இறங்கும். அழுத்தம் கூடினால் தரையோடு உராய்வு கூடும். கதவு எவ்வளவு முரண்டு பிடிக்கிறதோ அவ்வளவு இறுக்கமாக ஆப்பு உட்காரும். எதிரியின் ஆத்திரத்தைக் கொண்டே எதிரியை நிறுத்தும் இந்தக் கலையில் பத்துகிராம் ரப்பருக்குப் பயிற்சி எதுவும் தேவைப்படுவதில்லை. தரையைத் துடைத்த ஈரம் மட்டும் அதற்கு ஆகாது.

ஆப்பு கிடைக்காத அவசரத்தில் சிலர் அட்டையை நாலாக மடித்துக் கீல் பக்கத்து இடுக்கில் செருகுகிறார்கள். இதை வன்மையாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது. 90 செ.மீ. கதவின் கீலிலிருந்து 3 செ.மீ. தள்ளி அட்டை இருந்தால், கைப்பிடியில் இருக்கும் இழுவை அங்கே முப்பது மடங்கு. அட்டை நசுங்காது, கீலின் திருகுகள்தான் மரத்தைவிட்டு வெளியே வரும். பிறகு கதவு நிரந்தரமாகவே திறந்துவிடும், தச்சர் வரும்வரை.

ஓரறிவிலேயே கணக்குப் படித்தது ஒன்று உண்டு. ஜவுளிக் கடையின் கண்ணாடிக் கதவைத் தாங்கித் தரைக்குள் புதைந்திருக்கும் ஃப்ளோர் ஸ்பிரிங். சிமென்ட்டில் பதித்த பெட்டி, அதற்குள் ஸ்பிரிங்கும் எண்ணெயும், மேலே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டின்மேல் கதவு. தண்டோடு சேர்ந்து ஒரு கேம் சுழல்கிறது, அதை ஓர் உருளை அழுத்திக்கொண்டே வருகிறது. கதவு 90 பாகையை எட்டியதும் உருளை கேமில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் போய் விழுகிறது. கதவு நின்றுவிடுகிறது. எண்பது பாகையில் விட்டால் திரும்பி வந்துவிடும். தொண்ணூறுக்குக் கொண்டுபோனால் நிற்கும், லேசாகத் தட்டினால் மறுபடி கிளம்பும். இது தெரியாமல் கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு, இரண்டு கையிலும் பைகளோடு பின்னால் வரும் குடும்பத்துக்காக நிற்கிற ஆண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இன்னும் ஓரடி தள்ளியிருந்தால் விடுதலை. சொல்லத்தான் ஆளில்லை.

இந்தப் பெட்டிக்கு ஒரே பகை, காலையில் வாசலைக் கழுவுகிறவர். மேல்தகட்டின் இடுக்கு வழியே தினமும் ஒரு வாளித் தண்ணீர் உள்ளே போகிறது. துரு ஏறுகிறது. சில வருடங்களில் கதவு நடுவில் வந்து நிற்க மறந்து, ஒருபக்கமாக ஒருக்களித்து நிற்க ஆரம்பிக்கும். அப்போது முதலாளி வாங்கி வைப்பது என்ன என்று வாசகர் யூகித்திருப்பார். அதை ஏற்கெனவே விளக்கிவிட்டோம், செங்கல்.

காலால் தட்டி இறக்கும் ரப்பர்க்கால் ஸ்டாப்பர், சுவரில் கதவைக் கவ்விக்கொள்ளும் மேக்னட் ஆகியவையும் இங்கேயே அடங்கும். அவற்றில் வியக்க ஒன்றுமில்லை.

இரண்டாம் அறிவு நாக்கு. கதவை ருசி பார்க்கும் கருவி சந்தையில் இல்லை. பிற்கால ஆய்வாளர்களுக்கு இந்த இடத்தைக் காலியாக விட்டு மேலே போகிறோம்.

மூக்கு வரும்போது விஷயம் கொஞ்சம் கனமாகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த ஹெரான், பலிபீடத்தில் தீ மூட்டினால் கோயில் கதவு தானாகத் திறக்கும் ஒரு பொறியை எழுதி வைத்திருக்கிறார். சூட்டில் காற்று விரிந்து, ஒரு கலத்திலிருந்த நீரைத் தொங்கும் வாளிக்குள் தள்ளும். வாளி கனத்து இறங்க, கயிறுகள் இழுபட்டுக் கதவு திறக்கும். தீ அணைந்தால் மூடிக்கொள்ளும். ஹெரானின் கதவு தீயைக் கண்டு திறந்தது. நம் காலத்துச் சட்டம் கேட்பது அதற்கு நேர்மாறு: தீ என்றால் கதவு மூட வேண்டும். பழைய கிடங்குகளில் இதற்குச் சுமார் 74 டிகிரி செல்சியஸில் உருகும் ஈயப்பற்று இணைப்பு ஒன்றைச் சங்கிலியில் கோத்திருப்பார்கள். சூடேறி அது அறுந்தால் எடைக்கல் இறங்கிக் கதவு மூடும். அது தோலை நம்பிய முறை. ஆனால் சூடு வருவதற்கு வெகுமுன்பே புகை வந்துவிடுகிறது, ஆளைக் கொல்வதும் பெரும்பாலும் புகைதான். 2022 ஜனவரி 9 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 19 மாடிக் குடியிருப்பு ஒன்றில் தீப்பிடித்தபோது 17 பேர் இறந்தார்கள், அவர்களில் 8 பேர் குழந்தைகள். தீ ஒரு வீட்டோடும் அதன் நடைபாதையோடும் ஏறக்குறைய நின்றுவிட்டது. தானே மூடியிருக்க வேண்டிய கதவுகள் மூடாததால் புகை படிக்கட்டு வழியே கட்டடம் முழுக்க ஏறியது. விளையாட்டாகத் தொடங்கிய இந்த ஆய்வு செங்கல்லின்மேல் கோபப்படும் இடம் இது ஒன்றுதான்.

அதனால்தான் மருத்துவமனை நடைகூடங்களில் கதவைச் சுவரோடு பிடித்து வைத்திருப்பது 24 வோல்ட் மின்காந்தம். புகை உணரும் கருவி மணம்பிடித்த மறுகணம் மின்சாரம் அறுகிறது, காந்தம் செத்துவிடுகிறது, குளோசர் கதவை இழுத்து மூடுகிறது. பிடித்திருக்கத்தான் மின்சாரம் வேண்டும், விடுவதற்கு வேண்டாம். மாற்று மின்சாரம் இல்லாத இடமென்றால் சாதாரண மின்வெட்டிலும் எல்லாக் கதவும் ஒரே மூச்சில் மூடிக்கொள்ளும். பதற வேண்டியதில்லை, கருவி சொல்படி நடக்கிறது. இந்த ஏணியில் மேலே ஏற ஏறப் பிடியின் வலிமை கூடுவதில்லை. கூடுவது, எப்போது விட வேண்டும் என்ற தெளிவு. பிடிப்பதில் செங்கல்லை மிஞ்ச ஆளில்லை. அதற்கு விடத்தான் தெரியாது.

கண்ணை முந்திக்கொண்டு செவி. வயர் இழுக்க முடியாத பழைய கட்டடங்களுக்காகப் பிரிட்டனில் டார்கார்டு என்றொரு கருவி புழக்கத்தில் இருக்கிறது. கதவின் அடியில் மாட்டினால், பேட்டரி பலத்தில் ஒரு காலைத் தரையில் ஊன்றி நிற்கும். தீ அபாய மணியின் ஓசை காதில் விழுந்ததும் காலைத் தூக்கிக்கொள்ளும். பேட்டரி தீரப்போனாலும் தூக்கிவிடும். சத்தத்தை நம்பிப் பிழைக்கும் இந்தக் கருவியை நம் கல்யாண மண்டபங்களுக்குப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. கெட்டிமேளம் முழங்கும் அதே நொடியில் பந்தி மண்டபத்தின் கதவுகள் வரிசையாக மூடிக்கொண்டால், சம்பந்திகளுக்கு அதன் தொழில்நுட்ப விளக்கத்தை யார் சொல்வது?

கண், தானியங்கிக் கதவுகளுடையது. 1960-இல் அமெரிக்காவின் கார்பஸ் கிறிஸ்டியில் ஹார்ட்டனும் ஹியூவிட்டும் கொண்டுவந்த நகரும் கதவு, காலடியில் மிதியடி அழுந்தினால்தான் திறக்கும். சுத்த ஓரறிவு. கண் பிறகுதான் முளைத்தது. இப்போது அது வாசல் பக்கம் திரும்பிய எவரையும் வாடிக்கையாளராக நினைத்துக்கொள்கிறது. நிழலுக்கு ஒதுங்கியவர், பஸ்ஸுக்கு நிற்பவர், சும்மா வால் ஆட்டும் நாய், அனைவருக்கும் சமமான வரவேற்பு. விளைவு, கதவு நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது, அதுவும் சட்டப்படி. சில ஊர்களில் சட்டமும் விழித்துக்கொண்டது. ஏ.சி. ஓடும்போது கடைக்கதவைத் திறந்துவைக்கக் கூடாதென்று நியூயார்க் நகரம் 2008-லேயே பெரிய கடைகளுக்குத் தடை போட்டது. பிரான்ஸ் 2022-இல் நாடு முழுவதற்கும் போட்டு, மீறினால் 750 யூரோ வரை அபராதம் என்றது. ஆனால் மூடிய கதவைப் பார்த்தால் வாங்க வருகிறவர் தயங்குகிறார் என்பது கடைக்காரர்களின் பழைய நம்பிக்கை. தியாகராய நகர் பக்கம் ஜூன் மாத வெயிலில் நடந்தால், சில வாசல்களில் நடைபாதைக்கே இலவசமாக ஏ.சி. கிடைக்கும். அந்த நம்பிக்கைக்கு ஆகும் மின்கட்டணம் அது.

எஞ்சியிருப்பது மனம். மேற்சொன்ன எல்லாக் கருவிகளின் வேலையையும் ஒருவரே செய்வதுண்டு: வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன். அவருக்குத் தொடத் தெரியும், புகை தெரியும், மணி கேட்கும், ஆள் தெரியும். நாயையும் நல்ல வாடிக்கையாளரையும் பிரித்தறிவார். ‘சும்மா பார்க்கத்தான் வந்தேன்’ என்ற முகத்தைப் பத்தடி தூரத்திலேயே படித்து, அதற்கேற்பக் கதவை முழுதாகவோ முக்காலோ திறப்பார். குழந்தையைத் தூக்கி வருகிற பெண்ணுக்குக் கதவை எத்தனை நேரம் பிடிக்க வேண்டும் என்பதற்கு இ.என். எண் எதுவும் அவருக்குத் தேவையில்லை. ஆனால் ஐந்து லட்சம் முறை என்ற சோதனையும் அவருக்குக் கிடையாது, நேராக வேலைதான்.

உட்காரும் உரிமையும் வெகுகாலம் கிடையாது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது 2021-இல்தான். அதன் பலனாகப் பல வாசல்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி வந்து சேர்ந்தது. எடை குறைவு, கால் அகலம், கைப்பிடிக்கு அடியில் செருகினால் கண்ணாடிக் கதவு அசையாது. கூட்டம் அதிகமான நாள்களில் அந்த நாற்காலி கதவைப் பிடித்திருக்கும், அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். ஓரறிவுப் பொருள் ஒன்று வேலைக்குச் சேர்ந்து, ஆறறிவுள்ளவரின் இருக்கையையும் எடுத்துக்கொண்ட இந்த ஏற்பாட்டை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதற்கு மரபியலில் இடம் கிடைக்கவில்லை.