தகடூர் ரேலியின் முதல் அம்மணி

1953-இல் வந்த ‘ஔவையார்’ படத்தில் கே.பி.சுந்தராம்பாள் கையில் கோலும் நெற்றி நிறைய நீறுமாக ஊர் ஊராக நடந்தார். அன்றிலிருந்து தமிழனுக்கு ஔவை என்றால் பாட்டி, பாட்டி என்றால் நடை. தகடூர், அதாவது இன்றைய தருமபுரி, அறிந்த ஔவை வேறு ஆள். புறநானூற்றின் 89ஆம் பாட்டில் பகையரசன் ஒருவன் அவரைப் பார்த்து, உங்கள் நாட்டில் சண்டை போட ஆள் இருக்கிறார்களா என்று கேட்கிறான். கேட்கும்போதே மை தீட்டிய கண், ஒளி வீசும் நெற்றி, இடையில் நகை என்று வர்ணிக்கவும் செய்கிறான். கோல் எங்கும் இல்லை. ஔவைகள் பலர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்வார்கள். நமக்கு வேண்டியது சங்க காலத்து அம்மணி, அதியமான் நெடுமான் அஞ்சியின் சிநேகிதி. தமிழ்நாட்டின் முதல் ரேலிக்காரி என்று அவரைத்தான் நான் பதிவு செய்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் இவரைவிட மூத்தவர் ஒருவரைக் கொண்டுவரலாம்.

வீரமும் கொடையும் பாடத் தெரிந்த புலவர்கள் சங்கத்தில் ஏராளம். பட்டறையில் உட்கார்ந்து பார்த்தவர் போலப் பாடியவர் இவர்தான். அதியமானின் எதிரிகளை மிரட்ட வேண்டும். 87ஆம் பாட்டில் அதற்கு அவர் கூப்பிடுவது ஒரு தச்சனை. ஒரே நாளில் எட்டுத் தேர் செய்து தள்ளக்கூடியவன், ஒரு மாதம் முழுக்க உட்கார்ந்து ஒரே ஒரு சக்கரம் செய்தால் அது எப்படி இருக்கும்? எங்கள் ஆள் அப்படி, என்கிறார். எதிரி நடுங்கியிருக்கலாம். கணக்குத் தெரிந்த எதிரியாக இருந்தால், 240 தேர் வரவேண்டிய மாதத்தில் ஒற்றைச் சக்கரமா என்று தகடூர்ப் பொருளாதாரத்தை நினைத்துச் சிரித்துமிருக்கலாம். காரைப் பட்டறையில் விட்டுவிட்டு ‘இன்னும் ஒரு வாரம்’ என்று வீட்டில் சமாளிக்கும் ரேலிப் பைத்தியங்களுக்கு மட்டும் இந்தப் பாட்டு உடனே புரியும்.

அடுத்தது ஸ்டெப்னி. உப்பு வணிகர்களான உமணர்கள் கிளம்பும்போது யோசிக்கிறார்கள்: எருதுகள் இளசு, பாரமோ அதிகம், வழியில் எத்தனை பள்ளம், எத்தனை மேடு, யார் கண்டது? ஆகவே வண்டிக்கு அடியில் உபரியாக ஓர் அச்சைக் கட்டிக்கொள்கிறார்கள். அதியமான் மகன் பொகுட்டெழினி அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்கிறது 102ஆம் பாட்டு. ஓர் இளவரசனை முகத்துக்கு நேரே ஸ்டெப்னி என்று சொல்லி, அதைப் புகழ்ச்சியாகவும் ஏற்க வைப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். வேல்ஸ் நாட்டின் லனெல்லியில் டேவீஸ் சகோதரர்கள் 1904-இல் ஸ்டெப்னி சக்கரத்தைக் கொண்டுவந்தபோது உமணர் வாரிசுகள் யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. பெருந்தன்மை. மணலில் புதைந்து அச்சு தரைதட்டிய பார வண்டியைக் கல் பிளக்க இழுத்துப் போகும் எருதும் ஔவை பாட்டில் உண்டு, 90-இல். போர் வீல் டிரைவ் என்று தனியாகச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

வழியில் நின்ற வண்டியைக் கிளப்புவதில் ஔவைக்கு அடுத்த பெரிய பெயர் வர வெகுகாலம் ஆயிற்று. 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து பெர்த்தா பென்ஸ், கணவர் கார்லிடம் மூச்சுவிடாமல், அவர் செய்த மூன்று சக்கரக் காரில் இரண்டு பையன்களை ஏற்றிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினார். அம்மா வீடு இருந்த போர்ட்சைம் சுமார் 106 கிலோமீட்டர். தருமபுரியிலிருந்து ஓசூர் போய், ஊருக்குள் கொஞ்சம் சுற்றலாம். பெட்ரோல் பங்க் பிறக்காத காலம். வீஸ்லோக்கில் ஒரு மருந்துக்கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றினார். எரிபொருள் குழாய் அடைத்ததும் தொப்பி ஊசியால் குத்தினார். கம்பி பழுதானபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். தேய்ந்த பிரேக்குக்குத் தோல் அடிக்கச் செருப்புத் தைப்பவரைப் பிடித்தார். காப்புரிமை கணவர் பேரில், கைவேலை இவர் பேரில்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1905-இல் ஜே.ஆர்.டி. டாட்டாவின் தாய் சூசான், இந்தியாவில் கார் ஓட்டிய முதல் பெண் என்று பெயர் வாங்கினார். ஐரோப்பிய ரேலிகளில் பெண்களுக்கென்று தனிக் கோப்பை வைத்தார்கள், பெரிய கோப்பையைத் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில். 1960-இல் பேட் மாஸும் ஆன் விஸ்டமும் லியேஜ்–ரோம்–லியேஜ் ரேலியில் ஆண்களையும் சேர்த்து எல்லோரையும் முந்தி அந்த நம்பிக்கையை முடித்து வைத்தார்கள். 1981-இல் மிஷேல் மூட்டோன் சான்ரெமோவில் உலக ரேலியையே வென்றார். பக்கத்து இருக்கையில் ஃபாப்ரிட்சியா போன்ஸ், அவரும் பெண். 2019-இல் பைக்கில் பாஹா உலகக் கோப்பையின் மகளிர் பட்டத்தை வென்ற ஐஸ்வர்யா பிஸ்ஸே பெங்களூர்க்காரர். தருமபுரிக்கு நெடுஞ்சாலை உறவு.

அமெச்சூர் ரேலி என்றதும் தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரி மனதில் ஓடினால் அதை நிறுத்துங்கள். டி.எஸ்.டி. எனும் நேரம்-வேகம்-தூர ரேலியில் வேகம்தான் பாவம். சாலைப் புத்தகம் கொடுப்பார்கள். இங்கிருந்து அங்கே வரை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் சராசரியில் வா என்பார்கள். எங்கோ ஒரு புளியமரத்தடியில் மார்ஷல் கடிகாரத்தோடு ஒளிந்திருப்பார். தாமதமானால் அபராதம், சீக்கிரம் வந்தாலும் அபராதம். நேவிகேட்டர் தூரத்தையும் நொடியையும் வகுத்துக்கொண்டே ‘இடது, கோயில், மறுபடி இடது’ என்பார். ஓட்டுபவர் ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்லாமல் திரும்ப வேண்டும். ஆண்கள் அணிகள் பல கவிழ்வது இந்த இடத்தில்தான்.

இப்போது ஔவையின் பெரிய கட்டம். தகடூரிலிருந்து காஞ்சித் தொண்டைமானிடம் தூது. 200 கிலோமீட்டருக்கு மேல். ஔவை தேரில் போனாரா, உப்பு வண்டியில் தொற்றிக்கொண்டாரா என்று பாட்டில் இல்லை. நான் தேர் கொடுத்துவிட்டேன். தொண்டைமான் தன் ஆயுதங்களைக் காட்டுகிறான். மயிற்பீலி, மாலை, நெய்ப்பூச்சு, பளபளப்பு. ஔவை பார்த்தார். இவை இங்கே இப்படி ஜொலிக்கின்றன, எங்கள் தலைவன் வேலெல்லாம் பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். 95ஆம் பாட்டு. கீறல் விழாத காரைச் சுற்றி வந்து, ‘ஓட்டுறதே இல்லீங்களா?’ என்று கேட்கும் ஆள் ஒருவர் எல்லா ரேலியிலும் இருப்பார்.

நேரக் கட்டுப்பாட்டுச் சாவடியில்தான் சிக்கல் வந்தது. அஞ்சியின் வாசலுக்கு ஔவை வந்து நிற்கிறார், பரிசில் வெளியே வரவில்லை. மார்ஷல் வேலையில் வாயில்காவலன். இன்றைய விதிப்படி எழுத்தில் முறையீடு தரவேண்டும், கூடவே கட்டணம் கட்டவேண்டும். அம்மணி காசு கட்டவில்லை. அஞ்சிக்குத் தன்னைத் தெரியாதா, இல்லை என்னைத் தெரியாதா என்று காவலனைப் பிடித்துக் கேட்டார். யாழை எடுத்தாயிற்று, பையைக் கட்டியாயிற்று. கோடரியோடு காட்டுக்குப் போகும் தச்சன் பிள்ளைகளுக்கு மரத்துக்கா பஞ்சம், எந்தப் பக்கம் போனாலும் எங்களுக்குச் சோறு உண்டு என்று சொல்லிவிட்டார். 206ஆம் பாட்டு அதோடு முடிகிறது. அஞ்சி என்ன தீர்ப்புச் சொன்னான் என்று அதில் இல்லை. ஆனால் நெல்லிக்கனி யார் கைக்குப் போனது என்று ஊருக்கே தெரியும்.