55 டெசிபல் ஞாயிறு

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியிருக்கும் தமிழர், பங்குனி ஞாயிறன்று வீட்டில் நிம்மதியாகச் சாயலாம், சட்டமே துணை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல்தான் வரம்பு. குயிலுக்கு இதைப் படித்துக்காட்ட ஆளில்லை. கரியாஹாட் நடைபாதைக்காரர்களுக்கும்தான்: ஏப்ரல் நடுவில் வங்காளப் புத்தாண்டு, அதற்குள் பழைய சரக்கு போயாக வேண்டும், சைத்ரத் தள்ளுபடிக்குத் தொண்டையே விளம்பரம். 2021இல் மார்ச் 27 தொடங்கி ஏப்ரல் 29 வரை எட்டுக் கட்டமாகச் சட்டமன்றத் தேர்தல் நடத்தி, வசந்தத்தையே ஒலிபெருக்கிக்குக் குத்தகை விட்டார்கள்.

மதியம் சோறும் மீனும் உள்ளே போனதும் தெரு அடங்கும். அப்பாடா என்று நாமும் கண்ணயர்ந்தால் அழைப்பு மணி. மாடிவீட்டு பாபு, அரட்டைக்கு. அவர் தூங்கி எழுந்துவிட்டாராம்.