குமிழி ஒயின் கொள்முதலியல்: பரபக்கமும் சுபக்கமும்

யானைக்கு வைத்தியம் பார்க்க நூல் உண்டு. பல்லி விழுந்த பலனுக்கு நூல் உண்டு. வீட்டுக்குப் பன்னிரண்டு பேரை வரச்சொல்லிவிட்டு, சட்டைப்பையில் 40 யூரோவோடும் மனத்தில் ஷாம்பெய்னோடும் கடை அடுக்கின் முன் திகைத்து நிற்கும் மனிதனுக்கு மட்டும் நூல் இல்லை. அக்குறையை நீக்குவதே இச்சிறு ஆய்வின் நோக்கம்.

ஆய்வு எல்லையை முதலில் வரையறுத்துக்கொள்வோம். நிலம் ஐரோப்பா. பொழுது மாலை. பணம் சொந்தப் பணம். அலுவலகச் செலவில் வாங்கப்படும் ஒயினில் விலை என்ற மாறியே இல்லை. மாறி இல்லாத இடத்தில் அறிவியலுக்கு வேலையில்லை. கார்ப் பந்தய மேடையும் விலக்கப்படுகிறது. 1967-இல் லெ மான் பந்தயத்தில் வென்ற டான் கர்னி கையிலிருந்த பாட்டிலைச் சுற்றி நின்றவர்கள்மேல் பீய்ச்சியடித்த நாள்முதல், அங்கே நடப்பது நீர்ப்பாசனத் துறையின் பாற்படும்.

இனி கருதுகோள்: விருந்தாளி குடிப்பது குமிழியை, வீட்டுக்காரர் காசு கொடுப்பது முகவரிக்கு.

பிறர் கொள்கையை மறுத்த பிறகே தன் கொள்கையை நாட்ட வேண்டும் என்பது நம் தருக்க நூலோர் வகுத்த முறை. இத்துறையில் மறுக்கப்பட வேண்டிய மதங்கள் மூன்று: பேர்வாதம், சத்தவாதம், கலப்புவாதம். மூவரும் வெவ்வேறு மடங்களைச் சேர்ந்தவர்களாயினும் விருந்தன்று ஒரே சோபாவில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

பரபக்கம்

பேர்வாதி சொல்வது: ஷாம்பெய்ன் ஒன்றே குமிழி ஒயின்; மற்றதெல்லாம் சோடா. இதற்கு அவர் காட்டும் முதல் சான்று டோம் பெரினியோன் என்ற துறவி. அவர்தான் குமிழியைக் கண்டுபிடித்தார், குடித்துவிட்டு நட்சத்திரங்களைக் குடிப்பதாகக் கூவினார் என்பது பேர்வாதியின் புராணம். இது நிற்காது. பெரினியோன் ஓவிலே மடத்தின் நிலவறைப் பொறுப்பை ஏற்றது 1668-இல். ஒயினில் சர்க்கரையும் வெல்லப்பாகும் சேர்த்துத் துள்ள வைக்கும் வழக்கத்தைப் பற்றி கிறிஸ்டோபர் மெரட் என்ற ஆங்கிலேயர் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தது 1662-இல். ஆக, துறவி வேலைக்குச் சேர ஆறு ஆண்டு முன்பே குமிழி லண்டனில் சபையேறிவிட்டது. போதாக்குறைக்கு, அந்தக் காலத்து ஷாம்பெய்ன் நாட்டில் குமிழி ஒரு குற்றம். குளிர்காலத்தில் நின்றுபோன நொதிப்பு வசந்தத்தில் மறுபடி எழும். நிலவறையில் பாட்டில்கள் வெடிக்கும். பெரினியோன் பாடுபட்டது அதை ஒழிக்கத்தான். ஒழிக்க முயன்றவர் பெயரையே பிற்காலத்தில் அதிக விலைப் பாட்டிலுக்குச் சூட்டினார்கள். வரலாற்றுக்கும் கொஞ்சம் விளையாட்டுப் புத்தி உண்டு.

பேர்வாதியின் இரண்டாம் சான்று மண். ரான்ஸ், எபெர்னே ஊர்களைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு மண் வேறெங்கும் வாய்க்காது என்பார். மண்ணின் பெருமையை மறுக்கவில்லை. அந்த மண் எதுவரை என்று தீர்மானித்தவர் யார் என்பதே நம் கேள்வி. 1908-இல் அரசு எல்லை வகுத்தபோது, தெற்கே இருந்த ஓப் மாவட்டம் வெளியே தள்ளப்பட்டது. ஓப் விவசாயிகள் கொதித்தார்கள். 1911-இல் அவர்களுக்குச் சாதகமாகக் காற்று திரும்பியதும் வடக்கே மார்ன் விவசாயிகள் கொதித்தார்கள். ஆயி என்ற சிற்றூரில் ஒயின் நிறுவனங்கள் தீக்கிரையாகின, பட்டாளம் வந்தது. சமரசமாக ஓப் மாவட்டத்துக்கு ‘இரண்டாம் மண்டலம்’ என்ற அரைப்பதவி தரப்பட்டது. 1927-இல் சட்டம் மாறி அதுவும் முழு ஷாம்பெய்ன் ஆயிற்று. இந்த இடைக்காலத்தில் ஓப் கொடிகளில் என்ன மாற்றம் நிகழ்ந்தது என்று துருவிப் பார்த்தால், ஒன்றுமில்லை. அவற்றுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.

இன்றும் அதே நிலைதான். ஓப் மாவட்டத்தின் தென்கோடியிலிருந்து சில கிலோமீட்டர் நடந்தால் பர்கண்டியின் ஷத்தியோன் பகுதி. அதே இனத் திராட்சை, அதே வகைக் குன்று, அதே செய்முறை. ஆனால் கோட்டுக்கு இந்தப்பக்கம் ஷாம்பெய்ன், அந்தப்பக்கம் ‘கிரெமான் த பூர்கோன்’. விலை பாதியோ அதற்கும் கீழோ. மழை இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் பெய்கிறது.

பேர்வாதிக்கு நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பாட்டில் ஷாம்பெய்னுக்கு ஏறக்குறைய 1.2 கிலோ திராட்சை பிடிக்கும். அண்மை ஆண்டுகளில் அந்தத் திராட்சை கிலோ 6 யூரோவைத் தாண்டிவிட்டது. பாட்டில், தக்கை, கூலி எல்லாவற்றுக்கும் முன்பே ஏழு யூரோவுக்கு மேல் போய்விடுகிறது. அதன்பிறகு குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும். அதில் 12 மாதம் செத்த ஈஸ்டின் மண்டியோடு. வறுத்த ரொட்டி வாசனை வருவது அந்த மண்டியிலிருந்துதான். நெடுநாள் கிடந்த நல்ல ஷாம்பெய்னின் ருசியை மறுப்பவன் நாக்கில்லாதவன். ஆனால் பன்னிரண்டு பேர், ஒரு கையில் தட்டும் காதில் பாட்டுமாக, வீட்டு வாடகையைப் பற்றிப் பேசிக்கொண்டே நின்று குடிக்கும்போது அந்த ருசி எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதற்குப் பேர்வாதியிடம் விடையில்லை.

அடுத்தவர் சத்தவாதி. தக்கை ‘டப்’ என்று பறந்து கூரையில் மோதினால்தான் விருந்து தொடங்கியது என்பது அவர் கொள்கை. பாட்டிலுக்குள் இருப்பது ஏறக்குறைய ஆறு வளிமண்டல அழுத்தம். அதைப் பிடித்து வைக்கவே 1844-இல் அடோல்ஃப் ஜாக்கேசன் தக்கைக்கு மேல் கம்பிக் கட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் கட்டியதைச் சத்தவாதி அவிழ்த்து, அடுத்தவர் கண்ணைக் குறிபார்க்கிறார். கூடவே கால் கிளாஸ் ஒயினைத் தரைவிரிப்புக்கு வார்க்கிறார்.

சாத்திர முறை வேறு. பாட்டில் ஆறிலிருந்து எட்டு டிகிரிவரை குளிர்ந்திருக்க வேண்டும். ஃபிரிஜ்ஜில் மூன்று மணி நேரம். வாளியில் ஐஸும் தண்ணீரும் ஒரு பிடி உப்பும் போட்டால் அரை மணி நேரம். தக்கையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலைச் சாய்த்துத் திருக வேண்டும். தக்கையைத் திருகக் கூடாது. பெருமூச்சு போல் ஒரு சத்தம் வந்தால் போதும்.

குமிழியைக் காப்பது ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு உண்டு. ரான்ஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜெரார் லிஜேர் பெலேர் குமிழியையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்டவர். 100 மி.லி. ஷாம்பெய்னில் ஏறக்குறைய பத்து லட்சம் குமிழி எழும் என்பது அவர் கணிப்பு. பீர் ஊற்றுவதுபோல் கிளாஸைச் சாய்த்து ஊற்றினால் வாயு அதிகம் தங்கும் என்பதையும் அவர் குழுவினர் அளந்து காட்டியிருக்கிறார்கள். இதைக் கொண்டு இவ்வாய்வாளன் புதிய அலகு ஒன்றை முன்மொழிகிறான்: சென்ட்டுக்கு இத்தனை குமிழி. 750 மி.லி. பாட்டிலில் 75 லட்சம் குமிழி. விலை 30 யூரோ என்றால் ஒரு சென்ட்டுக்கு 2,500. பாட்டிலுக்குள்ளேயே நொதித்த இன்னொரு ஒயின் 10 யூரோவுக்குக் கிடைத்தால் சென்ட்டுக்கு 7,500. அழுத்தம் ஒன்றுபோல இருக்கும்வரை குமிழிக்கும் முகவரிக்கும் சம்பந்தமில்லை. பேர்வாதி இந்த அலகை ஏற்கமாட்டார். அலகு அவரைக் கேட்டு வரவில்லை.

கலப்புவாதி மூவரில் சாது, ஆனால் செலவாளி. எதையும் ஆரஞ்சுச் சாற்றில் கலந்துவிடுவார். கலப்பதே குற்றமென்று சொல்லிவிட முடியாது. வெனிஸில் ஹாரிஸ் பார் நடத்திய ஜுசெப்பே சிப்ரியானி வெள்ளைப் பீச் பழக்கூழில் பிரோசெக்கோவை ஊற்றி, ஓவியர் பெல்லினியின் பெயரையே வைத்தார். இன்றும் அது உலகம் முழுக்க ஓடுகிறது. கவனிக்க: அவர் ஊற்றியது பிரோசெக்கோ, அதாவது பாட்டிலில் அல்லாமல் தொட்டியில் நொதிக்கும் இத்தாலியக் குமிழி ஒயின். மண்டியோடு மாதக்கணக்கில் கிடந்து சம்பாதித்த ரொட்டி வாசனையை ஒரு கரண்டி பழச்சாறு ஒரு நொடியில் கொன்றுவிடும். கலக்கப் போகிறீர்கள் என்றால் தொட்டியில் நொதித்ததையே வாங்குங்கள். அந்த முறையை 1895-இல் இத்தாலியர் மார்டினோட்டி தொடங்கிவைக்க, 1907-இல் பிரெஞ்சுக்காரர் ஷார்மா செப்பனிட்டார். பாட்டில் பாட்டிலாக இல்லாமல் பெரிய எஃகுத் தொட்டியில் மொத்தமாக நொதிக்க வைப்பதால் செலவு குறைவு. பேரிக்காய் மணமும் ஆப்பிள் மணமும் கெடாமல் இருக்கும். வைத்திருந்து பயனில்லை, வாங்கிய வருடமே குடித்துவிட வேண்டும்.

சுபக்கம்

ஆக, லேபிளில் பார்க்க வேண்டியவை எவை? செய்முறை, இனிப்பு அளவு, இரண்டுதான். படம், தங்கத்தாள், பதக்க முத்திரை எல்லாம் பேர்வாதியைப் பிடிக்க வைத்த கண்ணி.

இனிப்பில்தான் பெரும்பாலோர் விழுகிறார்கள். ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்று போட்டிருந்தால் இனிப்பே இராது என்று நம்பி வாங்குவார்கள். அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை. ‘ப்ரூட்’ என்பதில் 12 கிராமுக்குள். வெறும் ‘டிரை’ அல்லது ‘செக்’ என்றால் 17 முதல் 32. ‘டெமி செக்’ 32 முதல் 50. இந்தக் குழப்பத்தின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருக்கிறது. அன்றைய ஷாம்பெய்ன் பாகுபோல இனித்தது. ரஷ்யர்களுக்கு அதுவும் போதவில்லை. ஆங்கிலேயர்கள் இனிப்பைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்ததற்கு ஒரு பெயர் வைத்தார்கள். அதைவிடக் குறைத்ததற்கு இன்னொரு பெயர். 1874-இல் போமெரி அம்மையார் ப்ரூட் வெளியிடுவதற்குள் ‘டிரை’ என்ற சொல்லை இனித்தவர்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். பந்திக்குப் பிந்தியவனுக்குக் கிடைக்கும் இலைபோல, நிஜமாகவே இனிக்காத ஒயினுக்கு மிஞ்சிய பெயர் ப்ரூட்.

இதில் ஒரு நடைமுறை உண்மை இருக்கிறது. பிறந்தநாள் கேக்கோடு ப்ரூட் ஊற்றினால் ஒயின் புளித்துக் கிடக்கும்; குற்றம் கேக்கினுடையது, பழி ஒயினுக்கு. கேக்குக்கு டெமி செக், அல்லது மஸ்கட் திராட்சையில் செய்த ஆஸ்தி. பின்னதில் ஆல்கஹாலும் ஏழு சதவீதம் அளவில்தான். வறுவல், பொரியல், உப்புக் கடலைக்கு ப்ரூட்.

செய்முறையில், பாட்டிலில் நொதித்தவற்றுள் சிக்கனக்காரர் கைவைக்க வேண்டியவை கிரெமானும் காவாவும். கிரெமானுக்கும் சட்டம் கறார்: திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும், 150 கிலோவிலிருந்து 100 லிட்டருக்குமேல் பிழியக் கூடாது, ஒன்பது மாதம் மண்டியோடு கிடக்க வேண்டும். லுவார், அல்சாஸ், லிமூ என்று பல ஊர்க் கிரெமான்கள் உண்டு. எதை எடுத்தாலும் பெரிதாக ஏமாற மாட்டீர்கள்.

காவா கத்தலான் நாட்டுச் சரக்கு. கொதோர்னியூ குடும்பத்து ஜுசெப் ரவெந்தோஸ் 1872-இல் சான் சதுர்னியில் முதல் பாட்டில்களைச் செய்தார். அதே 1872-இல்தான் இங்கிலாந்தில் ஹிராம் காட் கோலியடைத்த சோடா பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். கரியமில வாயுவைச் சிறைவைக்க ஒரே ஆண்டில் இரண்டு பேர் முனைந்தார்கள். ஒன்று பார்சிலோனா விருந்துகளுக்குப் போயிற்று, மற்றொன்று நம்மூர்ப் பெட்டிக்கடைக்கு வந்து சேர்ந்தது. இப்போதைய விதிப்படி ‘ரிசர்வா’ என்று போட்ட காவா குறைந்தது 18 மாதம் மண்டியோடு கிடந்திருக்க வேண்டும். சாதாரண ஷாம்பெய்னுக்குக் கட்டாயம் 12 என்பதை மேலே கண்டோம். இந்த ஒரு வரியைப் பேர்வாதியிடம் சொல்லும்போது கிளாஸை அவர் கையிலிருந்து வாங்கிவைத்துவிட்டுச் சொல்வது நல்லது.

ஜெர்மனியில் இருப்போருக்கு ஒரு குறிப்பு. அங்கே ‘செக்ட்’ எனப்படும் குமிழி ஒயினுக்குத் தனி வரி உண்டு. 1902-இல் கைசரின் கடற்படைக்குக் காசு சேர்க்கப் போட்டது. அந்தக் கடற்படை 1919-இல் ஸ்காப்பா ஃப்ளோவில் மூழ்கிப்போனது, வரி மூழ்கவில்லை. 1933-இல் நீக்கினார்கள், 1939-இல் திரும்பப் போட்டார்கள். இன்றும் பாட்டிலுக்கு 1.02 யூரோ. மூன்று யூரோ செக்ட் வாங்குகிறவர் அதில் மூன்றிலொரு பங்கை இல்லாத கப்பலுக்குக் கட்டுகிறார்.

நம் 40 யூரோவுக்கு வருவோம். ஒரு பாட்டிலுக்குச் சாதாரணமாக ஆறு கிளாஸ்; பன்னிரண்டு பேருக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு பாட்டில். ஷாம்பெய்ன் என்றால் ஒரே பாட்டிலோடு பணம் தீர்ந்து, ஆளுக்கு அரை கிளாஸ் தீர்த்தம். ரிசர்வா காவாவோ கிரெமானோ மூன்று, கலப்புவாதிக்கென்று ஒரு பிரோசெக்கோ ப்ரூட் என வாங்கினால் இரண்டு சுற்று ஓடும். மிஞ்சினால் பாட்டில் வாயில் வெள்ளிக் கரண்டி செருகும் வழக்கம் ஒன்று பரவலாக உண்டு. அதனால் கரண்டி குளிரும், வேறு பலன் இல்லை. இறுக்கிப் பிடிக்கும் ஸ்டாப்பர் வாங்கி மூடுங்கள்.

எஞ்சியிருப்பது ஒரே சிக்கல். பேர்வாதி வரும்போதே தம் செலவில் அசல் ஷாம்பெய்ன் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவது உண்டு. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். லேபிளை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். பிறகு, பஸ்ஸில் குலுங்கி, கோட்டுக்குள் சூடேறி வந்த பாட்டிலை உடனே திறந்தால் பாதி தரைக்குப் போய்விடும் என்ற அறிவியல் உண்மையை வருத்தத்தோடு விளக்கி, ஃபிரிஜ்ஜின் அடித்தட்டில் படுக்க வைக்க வேண்டும். அது குளிர மூன்று மணி நேரமாகும். பேர்வாதியின் கடைசி ரயில் அதற்கு முன்பே கிளம்பிவிடும். உப்புப் போட்ட ஐஸ் வாளி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இருக்கட்டும்.