ஆறுமுகனுக்கு ஆறரை வருஷம்

சாலிகிராமத்தில் உதவி இயக்குநராகக் காலம் தள்ளும் பொதட்டூர்பேட்டைப் பையன் ஒருவன் தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். விசைத்தறிச் சத்தத்தை மீறிப் பேசியே வளர்ந்தவன், ஆகவே தொண்டைக்குக் குறைவில்லை. தமிழில் தொடங்கிய வாக்கியம் பாதியில் தெலுங்குக்குத் தாவும். அதுவும் ஊர் வாகுதான்.

"சார், ஒன்லைன் சொல்லிடறேன். ஒரு மலை, மேல முருகன். மலை இருந்த இடத்துலயே இருக்கு. மாநிலம் மட்டும் ரெண்டு தடவை மாறுது."

"பேய்ப் படமா தம்பி?"

"வரலாறு சார்."

தயாரிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. பேய்க்காவது ஓடிடியில் வியாபாரம் உண்டு.

பையன் விடவில்லை. 1952, மயிலாப்பூர். சென்னையும் சேர்ந்த ஆந்திரா வேண்டும் என்று பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருக்கிறார். 58 நாள். டிசம்பர் 15 ராத்திரி உயிர் போகிறது. அடுத்த ஆண்டு அக்டோபர் 1, கர்நூலைத் தலைநகராக வைத்து ஆந்திரா பிறக்கிறது. அவர் கேட்ட சென்னை மட்டும் அதில் இல்லை.

"அவர்தான் வில்லனா?"

"இல்ல சார், அவரும் ஹீரோ. காந்தியோட சிஷ்யர்."

"டபுள் ஹீரோவா? கால்ஷீட்டுக்கு எங்க போறது! சரி, இன்னொருத்தர்?"

இன்னொருத்தர் ம.பொ.சி. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்து, சிலப்பதிகாரத்தைக் கரைத்துக் குடித்துச் சிலம்புச் செல்வர் ஆனவர். மீசைக்கே தனி குளோசப் வைக்கலாம். வேங்கடம் வரை தமிழ்நாடு என்று தொல்காப்பியப் பாயிரத்தைப் பத்திரம்போல் நீட்டித் திருப்பதியைக் கேட்டார்.

"பாயிரத்துல சர்வே நம்பர் இருக்கா?" என்றார் தயாரிப்பாளர். புறநகரில் மனை வாங்கி அடிபட்டவர், பாவம்.

சர்வே நம்பர் இல்லாததால் திருப்பதி கிடைக்கவில்லை. போதாக்குறைக்குச் சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் ஆந்திராவுக்குப் போய்விட்டது. தமிழாசிரியர் மங்கலங்கிழார் ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக்கொடுத்தார். மறியல், சிறை என்று ஆண்டுகள் ஓடின. கடைசியில் திருத்தணி திரும்பி வந்தது. மாமனைக் கேட்டுப் போனவர்கள் மருமகனோடு வந்தார்கள் என்று வையுங்கள். ஆறுமுகன் ஆந்திராவில் இருந்தது ஆறரை வருஷம். ஏழரைக்கு ஒன்று குறைச்சல்.

"தணிகைக்காகப் போராடின தளபதி பேர் என்ன தெரியுமா சார்? கே. விநாயகம்!"

"யோவ்! தம்பி மலையை மீட்க அண்ணன் வந்தார்னா தியேட்டர்ல சிரிப்பாங்கய்யா. பேரை மாத்து."

"நிஜப் பேரு சார். திருத்தணியில காலேஜே இருக்கு. இன்னொண்ணு, ஊர் திரும்பி வந்த தேதி 1960 ஏப்ரல் 1."

"லாஜிக் இடிக்குது. சட்டம் போடறவன் எவனாவது முட்டாள்கள் தினமாப் பார்த்துத் தேதி குறிப்பானா?"

குறித்தார்கள். 1888-ல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் அப்போது துணைக் குடியரசுத் தலைவர். அந்தப் பதவியில் இருக்கும்போதே அவர் பிறந்த ஊர் ஒருமுறை ஆந்திராவுக்குப் போய், திரும்பியும் வந்துவிட்டது. இதைத் திரைக்கதையில் வைத்தால் எழுதியவனைப் போதையில் எழுதினாயா என்று கேட்பார்கள்.

வரலாற்றைச் சினிமாவாக்கும் வித்தை ம.பொ.சி.க்கே தெரியும். 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தின் கதைக்குழுவுக்கு அவர்தான் தலைமை. 1798-ல் ராமநாதபுரத்தில் ஜாக்சன் துரை கட்டபொம்மனை மூன்று மணி நேரம் நிற்க வைத்தான் என்பது வரலாறு. கால் கடுக்க நிற்பதைக் காட்டினால் முறுக்கு விற்கிறவன்கூட வெளியே போய்விடுவான். ஆகவே சக்தி கிருஷ்ணசாமி வசனம் எழுதினார், சிவாஜி கர்ஜித்தார், பள்ளி ஆண்டு விழாக்களில் பையன்கள் இன்னும் ஒட்டுமீசை பறக்கக் கத்துகிறார்கள். எல்லைக்காகத் தெலுங்கர்களோடு மல்லுக்கட்டிய மனிதர், தெலுங்கு பேசும் வம்சத்தில் வந்த பாளையக்காரரைத் தமிழ் வீரனாக நிறுத்தினார். இயக்கிய பந்துலு கர்நாடகக்காரர். ஒருத்தரும் லாஜிக் கேட்கவில்லை. 1960-ல் கெய்ரோவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருதே கொடுத்தார்கள். அந்தப் படத்தில் ஒருவன் வரி கேட்கிறான், இன்னொருவன் தர மாட்டேன் என்கிறான். மூன்றாவது ரீலில் தூங்கி எழுந்தவனுக்கும் கதை புரியும்.

தணிகைக் கதையில் எதிராளி ஒரு ஃபைல். எச்.வி. படாஸ்கர் நடுவராக வந்து 1957-ல் பரிந்துரை கொடுத்தார், 1959-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. ஃபைலை ஹீரோ எங்கே பிடித்து அடிப்பான்?

பையனும் லேசுப்பட்டவன் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு ரூட்டை மாற்றினான்.

"சார், தலைவர்களைத் தூக்கிடலாம். எங்க ஊர்ல ஒரு கர்ணம். கற்பனைதான். ஊர்க் கணக்கைத் தெலுங்குல எழுதுவார், பொண்டாட்டியோட தமிழ்ல சண்டை போடுவார். பொண்ணைப் புத்தூர்ல கட்டிக் கொடுத்திருக்கார். புத்தூர் ஆந்திராவுலயே நின்னுடுச்சு. ஏப்ரல் 1 காலையில எழுந்தா சம்பந்தி வெளிமாநிலம். சீர்ல பாக்கி ஒரு ஜோடி வளையல்."

தயாரிப்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்க வீட்லயும் வளையல் பாக்கிதான்யா! சம்பந்தி விடுவானா?"

"விடமாட்டார் சார். வளையல் வராம பொண்ணை அனுப்ப மாட்டேன்னு எல்லைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டார்."

"இதைச் சொல்லுவியா, பாயிரம் கீயிரம்னுக்கிட்டு! ரெண்டு பாஷையும் பேசற ஊர்தானே? தமிழ், தெலுங்கு ரெண்டுலயும் ஒரே நேரத்துல எடுத்துடலாம், செலவு மிச்சம்."

"தெலுங்குல க்ளைமாக்ஸ் இடிக்குமே சார். ஊர் கடைசியில நம்ம பக்கம் வந்துடுதே."

"அதுக்கென்ன? தெலுங்குப் படத்தை 1953-லயே முடிச்சிடு."