மாமனார் வண்டி

பழைய கார் கிளம்பாவிட்டால் பானெட்டை மட்டும் திறக்கக் கூடாது. திறந்தால் தெரு கூடிவிடும். மற்ற விதிகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

எங்கள் வீட்டில் இருப்பது ஓர் அம்பாசிடர். என்னுடையது என்று சொன்னால் வீட்டில் எடுபடாது. அது மாமனார் வண்டி. எழுபதுகளில் பதிவு செய்து, காத்துக் கிடந்து, அவர் வாங்கியது. கல்கத்தா பக்கம் உத்தரபாராவில் ஐம்பதுகளின் பிற்பாதியில் வர ஆரம்பித்த ஜாதி, 2014-இல் உற்பத்தியே நின்றுவிட்டது. ஆனாலும் வண்டிக்கு வயசாகிவிட்டது என்று என் வீட்டில் வாய் திறக்க முடியாது. அது இருமினாலும் புகைந்தாலும் நடுரோட்டில் நின்றாலும் மனைவி சொல்வது ஒன்றுதான்: “அப்பா ஓட்டுனப்ப இப்படி இல்லையே!”

அன்று நங்கநல்லூரிலிருந்து மயிலாப்பூருக்கு, ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். சோக்கை இழுத்து, செல்ஃப் போட்டேன். ‘டொக்’. அவ்வளவுதான். மறுபடியும் போட்டேன். மறுபடியும் ‘டொக்’.

இந்தச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டாலே பாதி வைத்தியம் முடிந்தது. ‘கர்ர்... கர்ர்...’ என்று செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையென்றால், பெட்ரோல் வரவில்லை அல்லது பிளக்கில் பொறி இல்லை. ‘டடடட’ என்று பல்லைக் கடித்தால் பேட்டரி இறங்கிவிட்டது. ஒற்றை ‘டொக்’ என்றால் கரண்ட் வழியில் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே கார்பரேட்டரைக் கழற்ற வேண்டாம். ஏ.சி. பம்ப் மேல் ஈரத்துணி போட வேண்டாம். அது சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப்புக்குள்ளேயே ஆவியாகி நிற்கும்போது செய்வது. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் டெல்கோவின் மூடியைக் கழற்றித் துடைக்கவும் வேண்டாம். அது ஐப்பசி மழைக்கு. பேட்டரியையும் அதன் ஒயர்களையும் பார்த்தால் போதும்.

ஆனால் பேட்டரி பானெட்டுக்குள்தானே இருக்கிறது? திறந்தேன்.

எதிர் வீட்டு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி முதலில் வந்தார். “பேட்டரி எப்ப வாங்கினது? பில் இருக்கா?” என்றார். பில் இல்லையென்றதும் மேற்கொண்டு பேசுவதற்கே அவருக்கு விருப்பமில்லை. ஆனாலும் நிற்பதை நிறுத்தவில்லை. மாடி வீட்டுப் பையன் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டு, “ஸ்கேனர் சொருகுற இடம் எங்க அங்கிள்?” என்று தேடினான். கிடைத்தது மாமனாரின் மூக்குப்பொடி டப்பா. மூலைக் கடை ஹோமியோபதி டாக்டர், இந்தத் தொந்தரவு எத்தனை நாளாக, காலையில் அதிகமா சாயங்காலம் அதிகமா, மழைக்காலத்தில் கூடுமா என்று கேட்டுக்கொண்டே போனார். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கென்னவோ அன்று கேட்கப்பட்டவற்றில் உருப்படியான கேள்விகள் அவருடையவைதான் என்று இன்றும் அபிப்பிராயம்.

மல்டிமீட்டரை வைத்தேன். 12.6 வோல்ட். குறையே சொல்ல முடியாது. முனைகளில் பூத்திருந்த பச்சை உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினேன். ‘டொக்’. வங்கி அதிகாரி, பில் இல்லாத பேட்டரியை நம்பாதவர், தம் காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஜம்பர் கேபிளால் பேட்டரிக்குப் பேட்டரி கொடுத்தார். ‘டொக்’. ஹெட்லைட் மட்டும் ஜம்மென்று எரிந்தது. “லைட் எரியுதே, அப்ப கரண்ட் இருக்கே!” என்று ஒருவர் கண்டுபிடித்தார். ஒரு ஹெட்லைட்டுக்கு நாலைந்து ஆம்பியர் போதும், செல்ஃப் கேட்பது 100-க்கு மேல் என்று விளக்கினேன். ஆம்பியரைக் கேட்டதும் கூட்டம் கொஞ்சம் கலைந்து, உடனே வேறு ஆட்களோடு கூடியது.

தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால், முன்னால் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளம், பின்னால் மேடு. ஹேண்டில் போடலாம் என்று டாக்டர் சொன்னார். நல்ல யோசனைதான். 1912-இல் சார்லஸ் கெட்டரிங் செய்த செல்ஃப் மோட்டார் காடிலாக் காரில் வரும்வரை உலகத்தில் பெரும்பாலான கார்களைக் கையால்தான் சுற்றினார்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். மேலிருந்து அழுத்தினால் இன்ஜின் திருப்பி உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். மாமனார் இதையெல்லாம் எனக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்திருந்தார். ஹேண்டிலைத்தான் மொட்டை மாடிச் சுவரில் சிமென்ட் வைத்துப் பூசி, துணிக்கொடி கட்டிவிட்டார்.

“முகூர்த்தம் போச்சு,” என்றாள் மனைவி, பட்டுப் புடவையோடு முன் சீட்டில் இருந்தபடி. “பந்தியாவது கிடைக்குமா?”

நான் கடைசியாக இரண்டு மூன்று தடவை விடாமல் செல்ஃபை அடித்தேன். வண்டிக்குள் எதுவோ தீய்கிற வாடை. “நெருப்பு!” என்று யாரோ கத்த, தெரு இரண்டடி பின்வாங்கியது. இஸ்திரி வண்டிக்காரர் மட்டும் பின்வாங்கவில்லை. சூடு அவருக்குத் தொழில். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, டேஷ்போர்டில் இங்கேயும் அங்கேயும் தடவிப் பார்த்து, “சார், இந்தக் கம்பி ஏன் சார் இப்படிச் சுடுது?” என்றார்.

அவர் தொட்டது சோக் கம்பி.

இழுத்தால் வருவதும் தள்ளினால் போவதும் தவிர வேறு வேலையில்லாத கம்பி, கரண்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது, சுட்டது. எனக்கு அப்போதுதான் விளங்கியது. செல்ஃபுக்குப் போன கரண்ட் திரும்பிப் பேட்டரிக்கு வந்தாக வேண்டும். இன்ஜினோ ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கரண்டை விடாது. அதனால்தான் இன்ஜினையும் பாடியையும் சேர்த்து ஒரு எர்த் பட்டை போட்டிருப்பார்கள். அது அறுந்துவிட்டால் கரண்ட், ஊர்வலம் மறித்த மெயின் ரோட்டை விட்டுச் சந்துக்குள் நுழையும் லாரி மாதிரி, இன்ஜினிலிருந்து டேஷ்போர்டுக்கு வரும் சோக் கம்பியில் புகுந்துவிடும். அந்த ஒல்லிக் கம்பி சூடாகுமே தவிர, செல்ஃபைச் சுற்ற விடாது.

அதே ஜம்பர் கேபிளில் ஒன்றை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜினிலும் கடிக்க விட்டேன். செல்ஃப் போட்டேன். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

“நான்தான் சொன்னேனே, பேட்டரி பக்கம் பாருங்கன்னு,” என்றார் வங்கி அதிகாரி. “வெளியில உஷ்ணம், உள்ள அடைப்பு,” என்றார் டாக்டர். இஸ்திரிக்காரர் ஒன்றும் சொல்லாமல் கரியை ஊதப் போய்விட்டார். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் கேபிளைக் கழற்றி டிக்கியில் போட்டுக்கொண்டு, மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் போனோம். மண்டபத்தில் இன்ஜினை அணைக்கப் பயந்து, நானும் அவளும் முறைவைத்துச் சாப்பிட்டோம்.

மறுநாள் மெக்கானிக் புதுப்பேட்டையிலிருந்து ஒரு பின்னல் தாமிரப் பட்டை வாங்கிக்கொண்டு வந்து வண்டிக்கு அடியில் படுத்தார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அறுந்துபோனதைக் கழற்றி வெளியே நீட்டினார். அது கம்பெனி பட்டையே இல்லை. நாலைந்து வீட்டு ஒயரைத் தோலுரித்து முறுக்கி, நடுவில் வேட்டிக் கரை சுற்றிக் கட்டியது. கரை மாமனாருடையது, மயில்கண். எத்தனை வருஷம் முன்னால், எந்தக் கல்யாணத்துக்குப் போகும்போது கட்டினாரோ!

“உங்கப்பா ஓட்டுனப்பவும் இதே கதைதான்,” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பாத்தீங்களா? அப்பா அன்னைக்கே சரி பண்ணி வச்சிட்டுப் போயிருக்காரு. நீங்கதான் அதைக் காப்பாத்தல.”