கார் அலாரமும் கருதல் அளவையும்: ரொறன்ரோவை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

மலையில் புகை எழுந்தால் அங்கே நெருப்பு உண்டென்று துணியலாம், அடுக்களையில் பார்த்துப் பழகியிருப்பதால். மணிமேகலையின் 29ஆவது காதையில், காஞ்சியில் வைத்து, அறவண அடிகள் இந்தக் கருதல் அளவைப் பாடத்தை நடத்துகிறார். பக்கம் (நிறுவவேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று உறுப்புகள். கார் அலாரத்தை முதலில் செய்தவர் மணிமேகலை படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அவருடைய கருவி இந்த வாய்பாட்டின் மேல்தான் நிற்கிறது. ‘இந்த டிரைவ்வேயில் கள்ளன் நிற்கிறான்’ என்பது பக்கம். ‘சத்தம் கேட்பதால்’ என்பது ஏது. திட்டாந்தத்துக்காக ஸ்காபரோவில் விசாரித்துப் பார்த்தோம். அலாரம் அடிக்க எழும்பிப் போய்க் கள்ளனைக் கண்டவர் என்று ஒருவரும் அகப்படவில்லை.

ஏது பிழைக்கும் வகைகளை அதே காதை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்று பிரிக்கிறது. பற்றரி செத்துச் சத்தமே வராத காருக்கு, ஏதுவே இல்லாததால், அசித்தம் பொருந்தும். அதில் ஆராய ஒன்றுமில்லை. மற்ற இரண்டிலும்தான் ரொறன்ரோவின் வாகன வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

முதலில் கருவியின் இயல்பு. திறப்பிலுள்ள பூட்டும் பொத்தானை அழுத்தியதும் அலாரம் விழித்துக்கொள்கிறது. கதவுகளிலும் பொனெற்றிலும் பின்பெட்டியிலும் சிறிய சுவிட்சுகள் இருக்கின்றன. சில கார்களில் அதிர்வையும் சரிவையும் உணரும் கருவிகளும் உண்டு. திறப்பின் சமிக்ஞை வராமல் இவற்றில் ஒன்று அசைந்தால் ஹோர்ன் அலறும், விளக்குகள் மின்னும். கள்ளன் என்றொரு பிறவி உலகத்தில் இருப்பது அந்தப் பெட்டிக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு: ஏதோ திறந்தது, திறப்பு பேசவில்லை.

இனி அநைகாந்திகம். பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒன்றுபோல வந்து நிற்கும் ஏது அது. மாரி காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு பொனெற் பூட்டின் சுவிட்சை அரித்துவிட்டால், மூடிய பொனெற் திறந்துவிட்டதாகக் காருக்குத் தோன்றும். குளிரில் பற்றரி சோர்ந்தாலும் அலறும். கூரையில் உறைந்த பனி பாளமாக வழுக்கி விழுந்தாலும் அலறும். விடியப்புறம் நாலு மணிக்குப் பனி வழிக்கும் வண்டி நிலம் அதிரப் போகும்போது, கூருணர்வுள்ள கார் ஒன்று தொடங்கிவைக்க, அயலில் இன்னொன்று சேர்ந்துகொள்ளும்.

இவற்றைவிடச் சிறந்த சான்று மார்க்கம் வீதிப் பிளாசாக்களில் சனிக்கிழமை பின்னேரம் கிடைக்கும். பேரன் கறித்தூள் வாங்க இறங்குகிறார். அம்மம்மா காருக்குள் இருக்கிறார். பேரன் பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திப் பூட்டிவிட்டுப் போகிறார். ஐந்து நிமிடத்தில் திரும்பாதவர் இருபது நிமிடத்திலும் திரும்பவில்லை. அம்மம்மா காற்று வாங்கக் கதவைத் திறக்கிறார். உடனே கார் ஊரைக் கூட்டுகிறது. “தம்பி, நான் ஒண்டிலையும் கை வைக்கேல்லை” என்று அவர் முன்பின் தெரியாத ஒருவருக்குச் சத்தியம் செய்கிறார். கருவியின் கணக்குப்படி அன்று பிடிபட்ட ஒரேயொரு கள்ளன் அவர்.

ஆகவே 1997இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலை இழப்புத் தரவு நிறுவனம் காப்புறுதிக் கோரிக்கைகளை ஆராய்ந்து, அலாரம் பூட்டியதால் திருட்டு இழப்பு மொத்தத்தில் குறையவில்லை என்று முடிவு சொன்னதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தக் காலம் வரைக்கும் ஏதுவில் கொஞ்சம் உயிர் இருந்தது. கண்ணாடியை உடைத்து, வயரைத் தொடுத்து எடுத்தார்கள். சத்தத்துக்கு நியாயம் இருந்தது. 2007 செப்ரெம்பர் 1 முதல் கனடாவில் விற்கும் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. சரியான திறப்பின் குறியீடு இல்லாமல் எஞ்சின் உயிர்க்காது. அதோடு கள்ளர் வயரை விட்டுவிட்டுத் திறப்பைப் படிக்கத் தொடங்கினார்கள்.

இங்கேதான் ஏது விருத்தமாகிறது. சாதிக்க வந்ததற்கு நேர்மாறானதைச் சாதித்துவிடுகிறது. இருவர் வருகிறார்கள். ஒருவர் வீட்டு வாசலில் அன்ரெனாவோடு நின்று, உள்ளே மேசையில் கிடக்கும் திறப்பின் மெல்லிய சமிக்ஞையைப் பெருக்கி அனுப்ப, மற்றவர் கார்க் கதவைத் திறக்கிறார். எசமான் வந்துவிட்டார் என்று கார் தானே அலாரத்தை அணைத்துக்கொள்கிறது. இன்னொரு வழியில் திறப்பே வேண்டியதில்லை. முன்விளக்கின் வயரைக் கழற்றிக் காரின் உள்வலையமைப்பில் நுழைந்து, ‘திறப்பு சரி’ என்ற பொய்ச் செய்தியை ஊட்டிவிடுவார்கள். இது வெளிச்சத்துக்கு வந்த கதையே தனி. 2022இல் லண்டனில் இயன் ரேபரின் ரொயோட்டா ராவ்4 களவுபோனது. அவருடைய தொழில் வாகனங்களின் இணையப் பாதுகாப்பை ஆராய்வது. கள்ளர் ஆள் பார்த்து எடுக்கவில்லை என்றே நம்புவோம்.

2023இல் ரொறன்ரோவில் 12,000க்கு மேற்பட்ட வாகனங்கள் போயின. ஒட்டாவாவில் நீதி அமைச்சருக்கு ஒதுக்கிய ரொயோட்டா ஹைலான்டரும் தப்பவில்லை. எடுத்த காரை வேறொரு தெருவில் ஓரிரு நாள் விட்டுவைத்து, பின்தொடரும் கருவி இருக்கிறதா என்று பார்த்த பிறகு மொன்றியல் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். இத்தனை காரியமும் நடக்கையில் பக்கத்து வீட்டு நாய்கூடக் குரைப்பதில்லை. எனவே ரொறன்ரோவுக்குரிய திருத்திய சூத்திரம் வருமாறு: சத்தம் கேட்டால் கள்ளன் இல்லை.

உரிமையாளர் நிலைமையோ இதற்கு எதிர்மாறு. தை மாதக் குளிரில் திறப்புக்குள் இருக்கும் காசளவு பற்றரி, சீஆர்2032, கைவிட்டுவிடும். திறப்பின் வயிற்றுக்குள் ஒளித்துவைத்திருக்கும் இரும்புத் திறப்பை இழுத்தெடுத்து, விறைத்த விரலால் கதவைத் திறக்கிறார். பல கார்கள் அந்தக் கணமே அவரைக் கள்ளன் என்று அறிவிக்கின்றன. அப்போது பதறக் கூடாது. உள்ளே ஏறி, செத்த திறப்பை ஸ்ரார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் கார் அடையாளம் கண்டு வாயை மூடும். காசு கட்டி வாங்கியவர் தம் காரிடம் கெஞ்சி உள்ளே போகவேண்டியிருப்பதை எந்த அளவைநூலும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

பரிகாரங்களையும் பார்த்தோம். திறப்பை மூடிய தகர டின்னுக்குள் வைத்தால் சமிக்ஞை பெரும்பாலும் வெளியே வராது. ஸ்ரியறிங் பூட்டு, டிரைவ்வேயில் எழும்பும் இரும்புத் தூண் எல்லாம் வந்துவிட்டன. எமக்குப் பிடித்தது ஸ்ரியறிங் பூட்டுத்தான், அதற்கு மூளை இல்லாததால். 2024இல் எற்றோபிக்கோக் கூட்டமொன்றில் ஒரு பொலிஸ் அதிகாரி, கள்ளர் வீட்டுக்குள் வந்து அடிக்காமல் இருக்கத் திறப்பை முன்வாசலில் வைத்துவிடும்படி ஆலோசனை சொன்னார். விருந்தோம்பலின் இலக்கணத்தை இவ்வளவு தூரம் நீட்டியவர் இல்லை. வேறு வழிகளும் உண்டென்று பொலிஸ் பிறகு விளக்க வேண்டிவந்தது.

அப்படியென்றால் அலாரத்தைக் கழற்றிவிடலாமே என்பது தடை. விடை: கூடாது. கிறிஸ்மஸ் கூட்டத்தில் ஸ்காபரோ ரவுன் சென்ரர் தரிப்பிடத்தில், ஒரே சாம்பல் நிறத்தில் நிற்கும் நூறு வண்டிகளுக்குள் எம்முடையதைக் கண்டுபிடிக்க உலகில் வேறு கருவி இல்லை. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அலறுவது எம்முடைய கார். இந்த ஓரிடத்தில் மட்டும் ஏது பழுதில்லாதது. அழுத்தியும் பதில் இல்லையென்றால் முதலில் திறப்பின் பற்றரியைப் பார்க்கவும். அடுத்து, கடையின் எந்த வாசலால் வெளியே வந்தீர்கள் என்று பார்க்கவும். பிறகு, வந்தது மனைவியின் காரிலா என்று யோசிக்கவும். இவ்வளவும் சரியாக இருந்தால் பொலிசுக்கு எடுக்கலாம்; வீட்டுக்குப் போக ரீரீசி பஸ் இருக்கிறது.